தவளை வண்டிக்கு ஒரு பம்பு

என் கணவருடைய முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் உளுத்துப்போய்விட்டன என்று டாக்டர் சொன்னது ஓர் ஆடி மாதத்தில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கட்டி வேறெங்கோ தொடங்கி அங்கே வந்து குடியேறியிருந்தது. மருந்து உண்டா என்று கேட்டேன். வலிக்கு ஊசி இருக்கிறது என்றார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். எலும்பைப் பற்றி வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டவள். அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் விழுந்து எழுந்தபோது அவர் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து துண்டை விரித்துப் பார்த்தால் நடுவில் கிழிந்திருந்தது. இனி எந்த வண்டியிலும் என்னை ஏற்றாதே என்றார். சரி என்றேன். சண்டை போடுவதற்கு அதற்கு மேல் என்னிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

பத்து நாள் கழித்து, நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, தனக்கு ஒரே ஓர் ஆசை இருப்பதாகச் சொன்னார். அவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். மணிமுத்தாறு அணையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். அணைக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸில்தான் நான் முதன்முதலாகச் சமைத்து, முதன்முதலாகக் கரியவிட்டேன். கார்த்திகையில் அணை நிரம்பி ஷட்டரைத் திறக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். தானே மலையைப் பிழிந்து தண்ணீர் எடுத்த மாதிரி நிற்பார். அந்தத் தண்ணீரை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். அவ்வளவுதான் கேட்டார்.

"எப்படிப் போறதாம்? பறந்தா?" என்று கேட்டேன்.

"நம்ம தவளை இருக்குல்லா. அதுல போனா வலிக்காது."

தவளை என்றது எங்கள் காரை. தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். மூக்கு சப்பையாக, கண் பெரிதாக, பின்பக்கம் சிறுத்து, இந்த ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாத ஒரு பிரெஞ்சு நாட்டு வண்டி. பாண்டிச்சேரியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனதை, மூன்றாவது கையாக இவர் வாங்கிக்கொண்டு வந்தார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன், அதனால்தான் கேட்கவில்லை. வந்த அன்றிலிருந்து நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அதில் உட்கார்ந்து திருச்செந்தூர் ரோட்டில் போன பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மற்ற வண்டிகளுக்கு அடியில் ஸ்பிரிங் பட்டை இருக்கும், சுருள் கம்பி இருக்கும். இதற்கு எண்ணெய். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே தேங்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை. உருண்டைக்குள் மேல்பாதி காற்று, கீழ்பாதி எண்ணெய். சக்கரம் குழியில் இறங்கினால் எண்ணெயும் காற்றுமாக அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டியை நிறுத்திப் போட்டால் விடிவதற்குள் எண்ணெய் இறங்கி, வயிறு தரையைத் தொட்டுப் படுத்திருக்கும். காலையில் இன்ஜினைப் போட்டால் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி ஏற்றும். முதலில் பின்பக்கம் எழும்பும், பிறகு முன்பக்கம். தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மறந்து நின்று பார்ப்பார்கள்.

அந்தப் பம்புதான் போன வருடம் செத்துப்போயிருந்தது. உள்ளே தேய்ந்துவிட்டது, இனி அழுத்தம் ஏறாது என்று இவரே கழற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேறு பம்பு தேடலாம் என்று ஷெட்டில் விட்டிருந்தார். தேடுவதற்குள் தன் முதுகுக்கு வைத்தியம் தேட வேண்டியதாகிவிட்டது. வண்டி மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்தது. பம்பு இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. சக்கரத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது.

ரயிலில் போகலாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஸ்டேஷன் வரைக்கும் யார் தூக்குவது, கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அணை வரைக்கும் யார் தூக்குவது என்று திருப்பிக் கேட்டதும் போய்விட்டார்கள். யோசனை சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு குணம், நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள்.

நான் பம்பு தேடத் தொடங்கினேன். அவர் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, பாண்டிச்சேரிக்குக் கடிதம் எழுதினேன். அந்த வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. பிறகு என்னிடம் படித்த ஒரு காயல்பட்டினத்துப் பெண்ணின் நினைவு வந்தது. அவள் மாப்பிள்ளை வளைகுடாவில் பழைய கார்கள் உடைக்கும் இடத்தில் வேலை பார்த்தான். அவளிடம் சொல்லிவைத்தேன். புரட்டாசியில் அவன் ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் துணிக்கு நடுவே சுற்றி ஒரு பம்பைக் கொண்டுவந்திருந்தான். காயல்பட்டினம் போய், அவன் உம்மா கொடுத்த வட்டலப்பத்தைச் சாப்பிட்டு, பம்பைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அவர் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்தார். பார்த்ததுமே முகம் விழுந்துவிட்டது. பம்பில் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் பாடத்தை நடத்தினார். இந்த வண்டியில் இரண்டு சாதி உண்டு. முதலில் வந்தவை சிவப்பு எண்ணெயில் ஓடுபவை. அதற்கு நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயில் போதும். பிறகு வந்தவை பச்சை எண்ணெயில் ஓடுபவை. அது பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய். நம்முடையது சிவப்பு. சிவப்பு வண்டியின் ரப்பர் வாசர்களில் பூமி எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, குழைந்து, கிழிந்துபோகும். அப்புறம் பைப்புகள் சேர்கிற ஒவ்வொரு பூட்டிலும் ஒழுகும். அதனால் பச்சை பம்பும் ஆகாது, பச்சை எண்ணெயும் ஆகாது. நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். சிவப்பு, பச்சை, ஆகாது. என் கையெழுத்தில் அது இன்னும் இருக்கிறது.

பச்சை பம்பை அலமாரியில் வைத்துவிட்டு, அன்று அடுக்களையில் நின்று அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். மறுநாள் அவர்தான் சொன்னார், வாங்க முடியாவிட்டால் செய்துவிடுவோம் என்று. ரயில்வே ஜங்ஷன் பக்கம் லாரிகளின் டீசல் பம்பு மட்டும் பார்க்கிற ஒரு அண்ணாச்சி இருந்தார். டீசல் பம்பும் நம் பம்பும் அண்ணன் தம்பிதான், ஒரே மாதிரி ஊசி அளவு வேலை, அவரால் முடியும் என்றார். ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். படுத்துக்கொண்டு வரைந்ததால் கோடெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

சனிக்கிழமை அந்தப் பட்டறைக்குப் போனேன். வாசலில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டீசல் வேலைக்கு வெள்ளைச் சட்டையா என்று நினைத்தேன். தாளை நீட்டுவதற்கு முன் மேசையில் இருந்த ஒரு பளபளப்பான குச்சியை எடுத்துப் பார்த்தேன். "டீச்சர், வைங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் நான் பொசுக்கென்று வைத்துவிட்டேன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராக இருந்தாலும், லாரி முதலாளியே ஆனாலும், எதையாவது தொடுவதற்கு முன் ஒரு தட்டில் ஊற்றி வைத்திருக்கும் வடிகட்டின டீசலில் கை கழுவ வேண்டும். வெறும் கையில் தொட்டால் வியர்வை பட்டு எஃகு கறுத்துவிடும். தூசி ஒரு பொட்டு போனால் பம்பு போச்சு. எல்லாச் சாமானும் டீசலில்தான் முங்கிக் கிடக்கும். டீசலில் கழுவி, டீசலில் வைத்து, டீசலில்தான் சோதிப்பார்கள். நானும் கழுவினேன். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கால் கழுவுகிற மாதிரிதான் அது அங்கே.

பிறகு அவர் அந்தக் குச்சியை அதன் குழாய்க்குள் செருகி நிமிர்த்திக் காட்டினார். அது விழவில்லை. தன் கனத்திலேயே மெல்ல மெல்லக் கீழே போனது. "பாத்தியளா, பைய எறங்குது. இப்படி எறங்கினாத்தான் அது பம்பு. வெடுக்குனு விழுந்தா தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றார். எனக்கு என் கணவர் வரைந்த தாளைக் காட்டத் தைரியம் வந்தது.

அவர் தாளை வெகுநேரம் பார்த்தார். ஆறு சிலிண்டர் லாரியின் டீசல் பம்பை எடுத்து, அதன் ஆறு வாயையும் ஒரே குழாயில் சேர்த்து, தவளையின் இன்ஜின் பெல்ட்டில் ஓட்டினால் என்ன என்பதுதான் தாளில் இருந்த யோசனை. லாரிக்கு வேண்டியது சொட்டுச் சொட்டாக டீசல். இதற்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய், ஆனால் அதே அழுத்தம். வண்டி எழும்ப நேரம் எடுக்கும், ஆனால் எழும்பும். அண்ணாச்சி, சாருக்கு உடம்பு எப்படி என்று கேட்டார். சொன்னேன். அணையைப் பற்றியும் சொன்னேன். அவர் தாளை மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கார்த்திகைக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

ஐப்பசி முழுவதும் நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஜங்ஷனுக்குப் போனேன். அந்த நேரத்தில் நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருப்பாள். நான் வீட்டுக்கு வந்து, அன்றைக்கு என்ன ஆனது என்று அவருக்குச் சொல்வேன். பம்பு உட்காரும் தாங்கியைக் கடைந்தாயிற்று. ஆறு குழாயும் ஒன்றாகிவிட்டது. ஒன்று ஒழுகியது, மாற்றியாயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் ஒரு கேள்வி கேட்பார், எனக்குத் தெரியாது, மறுநாள் கேட்டுக்கொண்டு வருவேன். அந்த மனிதருக்கு இருந்ததே சில வாரங்கள். அதில் சாயங்காலங்களை எல்லாம் நான் ஒரு இரும்புச் சாமானுக்குக் கொடுத்தேன்.

ஆனால் அப்போது அப்படித் தெரியவில்லை. அப்போது எனக்கு ஒரு வேலை இருந்தது. வேலை இருக்கிறவள் அழுதுகொண்டிருக்க முடியாது.

கார்த்திகை பிறந்து நல்ல மழை. அணை நிரம்புகிறது என்று அவருடைய பழைய ஆபீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு செய்தோம். சனிக்கிழமை மாலை அண்ணாச்சி வந்து பம்பைப் பூட்டுவார், மறுநாள் அவரே வண்டியை ஓட்டுவார். வெள்ளிக்கிழமை ஒரு கேன் டீசலைக் கொடுத்தனுப்பி, வண்டியின் எண்ணெய்த் தொட்டியையும் பைப்புகளையும் நன்றாகக் கழுவி வைக்கும்படி சொல்லியிருந்தார். ஒரு வருடம் சும்மா கிடந்த வண்டி, ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் புதுப் பம்பைத் தின்றுவிடும் என்று.

சனிக்கிழமை மதியம் அவர் ஊசி மயக்கத்தில் தூங்கினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்து கழுவினேன். தொட்டியைக் கழுவினேன். ஒவ்வொரு பைப்பாக டீசலை ஊற்றி, அடுத்த முனையில் தெளிவாக வரும்வரைக்கும் கழுவினேன். ரப்பர் இருந்த இடங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தனியாகத் தேய்த்தேன். என் வாழ்நாளில் எந்தப் பாத்திரத்தையும் அவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை. பிறகு வடித்துவிட்டு, சிவப்பு பிரேக் ஆயிலை நிரப்பினேன். பச்சை ஆகாது என்று நோட்டில் எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. டப்பாவின் மேல் இருந்ததை இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

டீசலும் பூமியிலிருந்து எடுக்கிற எண்ணெய்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு மாதமாக அந்தப் பட்டறையில் டீசல் என்றால் கழுவுகிற தண்ணீர். லாரி பிரேக் வேலை செய்கிற யார் பார்த்திருந்தாலும் ஐயோ என்று தடுத்திருப்பார்கள், ரப்பரில் டீசல் படக் கூடாது என்பது அவர்களுக்கு அரிச்சுவடி. அண்ணாச்சி பிரேக் வேலைக்காரர் அல்ல. அவர் உலகத்தில் ரப்பரே கிடையாது, எஃகும் டீசலும்தான். என் கணவரிடம் கேட்டிருக்கலாம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் எல்லாவற்றையும் முடித்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பெருமை.

மாலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி பம்பைப் பூட்டி முடித்தார். என் கணவரின் கட்டிலை ஜன்னலை ஒட்டித் திருப்பிப் போட்டிருந்தோம், அங்கிருந்து ஷெட் தெரியும். இன்ஜின் கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் பானெட்டுக்குள்ளேயே குனிந்திருந்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் லேசாக அசைந்தது. மண்ணிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. இரண்டு விரல். ஒரு சாண். முன்பக்கமும் எழுந்தது. மதில் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நான் சிரித்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, வாயைப் பொத்திக்கொள்ளாமல், அண்ணாச்சி முன்னாலேயே சிரித்தேன். என் சிரிப்பு பொல்லாத சிரிப்பு, வகுப்பில் சிரித்தால் அடுத்த வகுப்புக்குக் கேட்கும்.

உள்ளே ஓடிப்போய், பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டார். மூக்கும் வாயும் என் உள்ளங்கைக்குள் இருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் அல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. நாளைக்குப் போகலாம்தானே என்று கேட்டேன். "போவோம்" என்றார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நான்கு பேர் போர்வையோடு தூக்கி அவரை முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். நான் பின்னால். வண்டி நகர்ந்தது. முதல் பள்ளம் வந்தபோது நான் என் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் துண்டு மடியில் மடித்தபடியே இருந்தது. பத்தமடையில் வேகத்தடை, ஏறி இறங்கியது, அவர் கண் இமைக்கவில்லை. சேரன்மகாதேவி தாண்டும்போது வயலெல்லாம் தண்ணீர் நின்றது. எந்த மடை எங்கே பிரிகிறது, எந்த வாய்க்காலில் எவனோடு சண்டை போட்டேன் என்று பேசிக்கொண்டே வந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் தன் உடம்பையும் பம்பையும் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசினார். எனக்கு அது போதும் என்றிருந்தது, இப்படியே இந்த ரோடு முடியாமல் போனால் நல்லது என்று தோன்றியது.

அந்த வண்டியில் ஒரு சத்தம் உண்டு. அழுத்தம் குறையும்போது பம்பு மறுபடி ஏற்றத் தொடங்கும், அப்போது முன்னால் டிக் என்று கேட்கும். சாதாரணமாக அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. வீரவநல்லூர் தாண்டியதும் பேச்சை நிறுத்தி அவர் கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன். பிறகுதான் எனக்கும் கேட்டது. டிக். டிக். டிக். மூச்சுவிடுகிற அளவுக்கு வேகமாகிவிட்டது. அவர் அதை எண்ணிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் இறுகியது. ஒரு சின்னப் பள்ளம்தான், வண்டி கட்டை மாதிரி விழுந்தது. அவர் வாயிலிருந்து வந்தது சத்தம்கூட இல்லை. பிரேக்கும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது, அது போவதற்குள் அண்ணாச்சி வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து ஒரு மருத மரத்தடியில் நிறுத்திவிட்டார். நான் இறங்கிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் நான்கு சக்கரத்துப் பக்கத்திலும் சிவப்பாக ஒழுகி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. தவளை எங்கள் கண் முன்னால் மெல்ல இறங்கிப் படுத்துவிட்டது.

அண்ணாச்சி ஒழுகியதை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். ஒரு பூட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பரை எடுத்தார். அது இரண்டு மடங்கு ஊதிப்போய், நசுக்கினால் மாவாக வந்தது.

"டீச்சர், பைப்ப நான் குடுத்துவிட்ட டீசல்லயா கழுவுனிய?"

"ஆமா, அதுலதான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த நொடியில் நோட்டின் பக்கம் கண் முன்னால் வந்தது. வண்டிக்குள்ளிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாத. அவருக்கு எப்படித் தெரியும்" என்றார். என்ன ஆனது என்று அவர் கேட்கவேயில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

வீரவநல்லூருக்கு ஒரு சைக்கிள்காரரை அனுப்பி வேன் வரவழைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எதிரே மலை தெரிந்தது. மேகம் விலகிப் பச்சையாக, கையை நீட்டினால் தொடலாம் போல. அதற்குக் கீழேதான் அணை, ஆனால் அங்கிருந்து தெரியாது. இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், வேனிலேயே போய்விடலாமா என்று அவரிடம் கேட்டேன். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும். வீட்டுக்குப் போவோம்" என்றார்.

திரும்பி வந்த வழியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வீட்டு வாசலில் அவரை இறக்கியபோது வேன் டிரைவர், முன்பின் தெரியாத மனிதர், அழுதுகொண்டிருந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் பதினாறு நாள் இருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். முதலில் சும்மா இரு என்றார். பிறகு ஒரு நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிட்டபோது அதையே மறுபடி சொல்லத் தொடங்கினேன். அவர் துண்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏட்டி, எனக்கு அந்தச் சனிக்கிழமையே தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"உன் கையில டீசல் வாசம் அடிச்சுது. ரப்பர் முழுசா ஊதுறதுக்கு ரெண்டு நாள் ஆகும்னு கணக்குப் போட்டேன். போய்ட்டு வந்துரலாம்னு நெனச்சேன். கணக்கு தப்பிட்டு."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நோயாளி என்றும் பார்க்காமல் கத்தினேன். சொல்லியிருந்தால் போயிருக்க வேண்டாமே, அந்த வேனில் அப்படி வந்திருக்க வேண்டாமே, ரப்பரை மாற்றிவிட்டு அடுத்த வாரம் போயிருக்கலாமே என்று. அடுத்த வாரம் என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வாரம் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"வண்டி எந்திச்சப்ப நீ சிரிச்ச. ஆடியிலேருந்து அந்தச் சத்தத்த நான் கேக்கல. சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடி வாரவகிட்ட எப்படிட்டி சொல்லுவேன்?"

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேலாகியும் அது ஆறவில்லை. துக்கம் கேட்க வந்த அண்ணாச்சி, பிள்ளை செத்தவர் மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டு, என்னால்தான், என்னால்தான் என்றார். இல்லை என்று சொன்னேன். உங்கள் பம்பு நன்றாகத்தான் வேலை செய்தது, தவறு நான் செய்தது என்றேன். டீசலில் கழுவியதைச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று எனக்கு மட்டும் தெரியும். டீசலில் கழுவியது தெரியாமல் நடந்தது, அதற்கு ஒருநாள் எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துவிடுவேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால், அவர் என்னிடம் சொல்லியிருப்பார்.